மாடசாமி கடை இட்லி

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. பையை மடியில வச்சுக்கிடுதேன், உங்களுக்கு இடைஞ்சல் இல்ல. திருநெல்வேலிக்குத்தானா? நானும் அங்க இறங்கித்தான் வேற வண்டி மாறணும். சன்னல் ஓரத்துல நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. அழுது அழுது கண்ணு ரெண்டும் புண்ணாப் போச்சு, காத்துப் பட்டா எரியும்.

ஏன் அழுதேன்னு கேக்க மாட்டியளா? இந்தக் காலத்துப் பிள்ளைக யாரும் கேக்கதில்ல. பரவாயில்ல, நானே சொல்லுதேன்.

என் பேரு மிக்கேலம்மாள். ஊரு சந்தியாகுபுரம். எங்க கோயில்ல மோனிக்கம்மாள் சபைக்கு நான்தான் தலைவி. தலைவியா இருந்தேன். இப்போ ஞானப்பூ இருக்கா. அது கிடக்கட்டும். நெத்தியில விபூதி இருக்கு, உங்களுக்கு மோனிக்கம்மாள் யாருன்னு தெரிய நியாயமில்ல. அவிய ஒரு புனிதை. அந்தக் காலத்துல ஆப்பிரிக்கா தேசத்துல இருந்தாவ. அவியளுக்கு ஒரு மகன், அகுஸ்தீன்னு பேரு. நல்ல படிப்பு, ஆனா கெட்ட சகவாசம். கோயில் வாசலை மிதிக்கல. ஒரு பொம்பளையோட சேர்ந்து இருந்தாரு. அந்தம்மா என்ன செஞ்சாவ? ஏசுனாவளா, அடிச்சாவளா? அழுதாவ தம்பி. வருசக்கணக்கா அழுதாவ. மகன் அம்மாவுக்குத் தெரியாம கப்பல் ஏறி ஓடிட்டாரு. இவிய விட்டாவளா? அடுத்த கப்பலைப் பிடிச்சுப் பின்னாலயே போய் அங்கயும் அழுதாவ. கடைசியில மகன் மனசு மாறி, சாமியாருக்கெல்லாம் மேல, ஆயரே ஆயிட்டாரு. ரெண்டு பேருக்கும் இன்னைக்குக் கோயில்ல சிலையாட்டம் சுரூபம் இருக்கு, திருநாள் இருக்கு.

எனக்கு அவிய மேல அப்படி ஒரு பக்தி. சும்மா மெழுகுவத்தி கொளுத்திட்டுப் போற பக்தி இல்ல, அவிய நடந்த மாதிரியே நடக்கணும்னு ஒரு பக்தி. என் மகன் பிறந்தது அகுஸ்தீனார் திருநாள் அன்னைக்கு. வேற பேரு வைக்க மனசு வருமா? அகுஸ்தீன்னே வச்சேன். ஞானஸ்நானத் தொட்டிகிட்ட நிக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இவன் கெட்டுப்போவான், நான் அழுது இவனைத் திருப்பிக் கொண்டுவரணும்னு.

ஆனா பாருங்க, அவன் கெட்டே போகல.

பள்ளிக்கூடத்துல வாத்தியாரு குறை சொல்லல. பூசைக்கு மணி அடிக்கதும் அவன்தான். அகுஸ்தீனார் சின்ன வயசுல பக்கத்துத் தோட்டத்துல பேரிக்காய் திருடுனாராம். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு நாள் கையில கொய்யாக்காயோட வந்தான். அப்பாடான்னு ஆச்சு எனக்கு. சுரூபத்துக்கு முன்னால முட்டுப்போட வச்சு, ஒரு பாட்டம் அழுது தீத்தேன். கடைசியில அடுத்த வீட்டுக்காரி வந்து 'நான்தானே குடுத்தேன்'ங்கா. வீட்டுக்காரராவது தோதா அமைஞ்சாரா? மோனிக்கம்மாளுக்கு வாய்ச்சவரு பெருங்கோபக்காரரு. எனக்கு வாய்ச்சது, நான் உப்பு போட மறந்தாக்கூட அப்படியே சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போற மனுசன். அவரு செத்த அன்னைக்குத்தான் அவரு வீட்டுல இருந்ததே தெரிஞ்சுது. ஆண்டவரு எனக்கு அந்தச் சிலுவையையும் தரல.

பொறவு அகுஸ்தீனுக்குக் கோவில்பட்டியில மின்வாரியத்துல லைன்மேன் வேலை கிடைச்சுது. அங்கதான் ஆரம்பம். ஞாயித்துக்கிழமையும் வேலைன்னான். பூசை விட்டுப் போச்சு. நான் கேட்டா, "கம்பத்துல ஏறி நிக்கும்போது ஆண்டவருக்குப் பக்கத்துலதான்மா நிக்கேன்"ன்னு சிரிக்கான். சிரிக்கான் தம்பி! பொறவு ஒரு பிள்ளையக் கட்டிக்கிட்டான். செண்பகவல்லின்னு பேரு. உங்க ஆளுகதான், தப்பா எடுத்துக்கிடாதிய. ஆயருகிட்ட அனுமதி வாங்கி, கோயில்ல வச்சுத்தான் கட்டுனான். ஆயரு குடுக்கலாம். நான் குடுக்கணும்லா?

அன்னையில இருந்து வியாழக்கிழமை தவறாம சபையில அழுதேன். எங்க சபையில ஒரு முறை உண்டு. நீலக்கரைச் சேலை கட்டிக்கிட்டு, ஒவ்வொரு தாயா எந்திரிச்சு, தன் பிள்ளை செஞ்ச பாவத்தை வாய்விட்டுச் சொல்லணும். மத்தவிய எல்லாரும் 'ஆண்டவரே இரக்கமாயிரும்'னு சொல்லுவாவ. மத்தவ ரெண்டு வார்த்தை சொல்லி உக்காந்துருவா. நான் சொல்ல ஆரம்பிச்சா கல்லும் கரையும். வெளியில ஆட்டோ ஸ்டாண்டுல இருக்கவனுகூட கேட்டுட்டு நிப்பான். அதனாலதான் என்னைத் தலைவி ஆக்குனாவ.

அவன் ஊருக்கு வந்தா, கடைத்தெருவுல நாலு பேரு, "என்னப்பா அகுஸ்தீன், இன்னும் பூசைக்குப் போறதில்லையாமே? உன் பொண்டாட்டி இன்னும் பொட்டு வைக்காளாமே?"ன்னு அக்கறையா கேட்டிருக்காவ. இவன் ஊருக்கு வாரதையே விட்டுட்டான். பாவம் மனுசனை எங்க கொண்டுபோய் விடுது பாத்தியளா? அதையும் சபையில சொன்னேன், 'ஆண்டவரே, என் மகன் பெத்த தாயைப் பாக்கக்கூட ஊருக்கு வாரதில்ல'ன்னு. அன்னைக்கு எல்லாரும் அழுதுட்டாவ.

இப்படி நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போது, ஞானப்பூ மகன் சேவியர்ராஜ் குடிய விட்டுட்டான்.

எப்பேர்ப்பட்ட குடிகாரன் தெரியுமா? சாக்கடையில கிடந்து தூக்கிட்டு வருவாவ. அவன் மனந்திரும்பி, போன மோனிக்கம்மாள் திருநாள் அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு, "எங்க அம்மா கண்ணீருதான் என்னைக் காப்பாத்துச்சு"ன்னு சாட்சி சொல்லுதான். கோயிலே கைதட்டுது. நானும் தட்டுனேன். அடுத்த வாரம் எங்க கோயில் பங்குச்சாமியாரு ஞானப்பூவைத் தலைவி ஆக்கிட்டாவ. குடிகாரப் பிள்ளையப் பெத்தவளுக்கு வந்த வாழ்வைப் பாருங்க. என் பிள்ளை ஒரு சொட்டுக் குடிச்சதில்ல. அதான் எனக்கு இந்த நிலைமை.

அப்பதான் முடிவு பண்ணேன். இந்தத் தபசுகாலம், அந்த நாப்பது நாள் நோன்பு முழுக்க மகன் வீட்டுல போய்க் கிடக்கது. பாஸ்குத் திருநாளுக்குள்ள, அதான் ஈஸ்டருக்குள்ள, அவன் மனந்திரும்பி, சந்தியாகுபுரம் கோயில்ல மைக் முன்னால நிக்கணும். அதுவரைக்கும் அவன் வீட்டுச் சோத்தை ஒரு பருக்கை தொடக்கூடாது. மோனிக்கம்மாளும் கெட்ட மகனோட ஒரு பந்தியில உக்கார மாட்டேன்னு இருந்தவியதான். நானா ஒண்ணும் புதுசா செய்யல.

பஸ் ஸ்டாண்டுக்குப் பைக்கைக் கொண்டு வந்து நின்னான். என்னைப் பாத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எம்மா, சாப்பிட்டியா?" ஆத்துமத்தைப் பத்தி ஒரு கேள்வி இல்ல. வீட்டுக்குப் போனா அவ எனக்குன்னு புதுத் தட்டு வாங்கி வச்சிருக்கா. தபசுகாலம்னு வீட்டுல மீன், முட்டைகூட இல்லையாம். "அத்தை, உங்களுக்குன்னு பாத்திரம்கூட தனியா வச்சிருக்கேன்"ங்கா. வேசம்! நான் தட்டைத் தள்ளி வச்சுட்டு என் விரதத்தைச் சொன்னேன். அவன் தட்டைப் பாத்தான். "உனக்குச் சுகர் இருக்கும்மா, மாத்திரை போடணும்லா"ன்னான். ஆண்டவர் பாத்துக்கிடுவாருன்னேன்.

பாத்துக்கிட்டாரு தம்பி! அதைத்தான் சொல்ல வாரேன். தெருமுக்குல ஒரு டீக்கடை. மாடசாமின்னு ஒரு பையன் வச்சிருக்கான். மறுநாள் காலையில மாத்திரைக்கு முன்னால ஒரு பன்னு தின்னலாம்னு போனேன். அது சாப்பாட்டுல சேத்தி இல்ல, மருந்துல சேத்தி. நான் வாயத் திறக்கும் முன்ன, "ஆச்சி, வாங்க"ன்னு உக்கார வச்சு, நாலு இட்லிய எடுத்து வைக்கான். நம்புவியளா? அந்தக் கடையில இட்லியே கிடையாது. டீ, பன்னு, மிக்சர், அவ்வளவுதான். எனக்கு மட்டும் இட்லி. மத்தியானம் போனா கூட்டு, பொரியலோட ஒரு பொட்டலம். ராத்திரிக்குச் சுகருக்குத் தோதா கோதுமைத் தோசை. காசு குடுத்தா கையை ஆட்டிட்டுப் போயிருவான். கல்யாணம் ஆகாத பையன், தாய் தகப்பன் இல்லாதவன். எனக்காக விடியுமுன்ன எந்திரிச்சு அவிக்கான் போல. வேதத்துல எலியா தீர்க்கதரிசிக்குக் காக்கா அப்பம் கொண்டாந்து குடுத்துச்சுல்லா, அந்த மாதிரி.

இதுல இன்னொரு அதிசயம். இட்லிப்பொடியில எள்ளை வறுத்துப் போட்டு ஒரு வாசம் வரும். மகன் வீட்டு அடுக்களையிலயும் காலையில அதே வாசம்தான் வரும். கோவில்பட்டிக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் அரைப்பாவ போல. அவ கைப்பக்குவம் எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியாது. நான்தான் தொடலியே.

தினமும் வேலை முடிஞ்சு வந்ததும் அவன் கேப்பான், "சாப்பிட்டியாம்மா?" நான் முகத்தைத் திருப்பிக்கிடுவேன். தெம்பா நடமாடுதியேன்னு ஒருக்கா பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. ஆண்டவர் குடுக்க பலம்னேன். செண்பகவல்லி அங்ஙனதான் துணி காயப்போட்டுட்டு நின்னா, தலையக் குனிஞ்சுக்கிட்டா. வெக்கம் இருக்கணும்லா.

அங்க உள்ள கோயில் சாமியாருகிட்டயும் போனேன். மோனிக்கம்மாள் ஒரு ஆயருகிட்டப் போய் அழுதப்ப, 'இவ்வளவு கண்ணீர் விட்டுக் கேக்க பிள்ளை வீணாப் போக மாட்டான், போம்மா'ன்னு அவரு சொல்லி அனுப்புனாரு. எனக்கும் ஒரு சாமி வாயால அந்த வார்த்தையக் கேட்டுறணும்னு ஆசை. முழுசா அழுது சொன்னேன். சின்னச் சாமிதான், மீசைகூட சரியா முளைக்கல. எல்லாத்தையும் கேட்டுட்டு, "மோனிக்கம்மாள் கொஞ்ச நாள்தான் அப்படி இருந்தாங்க, தெரியுமாம்மா? பொறவு ஒரு கனவு கண்டு, மகன் திருந்துறதுக்கு ரொம்ப வருசம் முன்னாலயே அவரோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க. நீங்களும் போய்ச் சாப்பிடுங்க"ங்காவ.

எனக்கு வந்துது கோபம். மோனிக்கம்மாளைப் பத்தி என்கிட்டயே சொல்லுதாவ! கேட்ட வார்த்தைய விட்டுட்டு வேற என்னத்தையோ சொன்னா? இந்தக் காலத்துச் சாமியாருக்குப் படிப்புப் போதாது.

பாஸ்குக்கு முந்துன பெரிய வியாழன் சாயங்காலம் பூசைக்குப் போனேன். திரும்பிப் பாத்தா, கடைசி பெஞ்சுல அகுஸ்தீன் உக்காந்திருக்கான். பக்கத்துல அவ, தலையில முக்காடு போட்டுக்கிட்டு. பூசை முடிஞ்சு வெளிய வந்து நிக்கான். "எம்மா, சாமியாருகிட்டப் பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். பூசையில நன்மை அப்பமும் வாங்கிட்டேன். இனி முடிஞ்ச வாரமெல்லாம் வாரேன். இப்பவாவது சாப்பிடுவியா?"ங்கான்.

என்ன சொல்லுதிய நீங்க, சந்தோசம்தானேன்னா? சந்தோசம்தான். ஆனா அழலியே அவன்! அகுஸ்தீனாரு அத்திமரத்தடியில விழுந்து புரண்டு அழுதாரு. இவன் ஏதோ கரண்ட் பில்லு கட்டிட்டு வந்த மாதிரி வந்து நிக்கான். சரி, அதையும் பொறுத்துக்கிட்டேன். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. ஊருக்கு வந்து சபையில சாட்சி சொல்லு"ன்னேன்.

அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். கரண்டுக் கம்பி பிடிச்சுப் பிடிச்சு கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. "எம்மா, நான் உன் மகனா இருக்கணும், அவ்வளவுதான். ஊருக்கு முன்னால நின்னு என்னைக் கெட்டவன்னு என்னால சொல்ல முடியாது. அவளைக் கட்டுனது பாவம்னு சொல்ல முடியாது. வேற என்ன கேட்டாலும் செய்யுதேன். ஞாயித்துக்கிழமை பாஸ்குத் திருநாள். ஒரே ஒரு நாள், எனக்காக அழாம, என்கூட உக்காந்து ஒருவேளை சாப்பிட்டுட்டுப் போ"ன்னான்.

பாத்தியளா, எங்க சுத்துனாலும் சோத்துலதான் வந்து நிக்கான். நான் கையை உருவிக்கிட்டேன்.

பாஸ்கு அன்னைக்கு அவ என்னென்னமோ பண்ணியிருந்தா. ஆட்டுக்கறி வாசம் தெருவரைக்கும் அடிச்சுது. மூணு தட்டு போட்டுட்டு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருந்தாவ. நான் உள்ள கட்டில்ல உக்காந்து செபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு அவ தட்டை எடுக்க சத்தம் கேட்டுது. சாப்பிட்டாவளா, இல்லையான்னு நான் பாக்கல. அழுத சத்தம் ஒண்ணு கேட்டுது. அவதான்னு நினைச்சேன். அவன் சத்தமாவும் இருக்கலாம். நானும் எந்திரிச்சுப் போய்ப் பாக்கல.

அதான் இன்னைக்குக் காலையில கிளம்பிட்டேன். வந்த கோபத்துல மாத்திரையை வேற ஃபிரிட்ஜ் மேலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பொறவுதான் நினைப்பு வந்துது. திரும்பிப் போய்க் கேக்க மனசு வரல. அவன்தான் பைக்குல கொண்டுவந்து விட்டான். வரும்போது மாடசாமிகிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்னு முக்குல நிறுத்தச் சொன்னேன். அந்தப் பையன் ஓடிவந்து, "ஆச்சி, வழிக்கு"ன்னு இந்தப் பொட்டலத்தைக் குடுத்தான். பெத்த பிள்ளை எங்க பாத்துக்கிட்டு நின்னான் தெரியுமா? மேல, கரண்டுக் கம்பத்தை! தாய்க்கு வழிச்சோறு கட்டிக் குடுக்கணும்னு எவனோ ஒருத்தனுக்குத் தோணுது.

வியாழக்கிழமை சபையில இந்த மாடசாமி சாட்சியத்தான் சொல்லப் போறேன். மகன் சாட்சி கிடைக்காட்டா என்ன, ஆண்டவர் அந்நியன் கையால எனக்குச் சோறு போட்ட சாட்சி இருக்குல்லா? ஞானப்பூகிட்ட இது உண்டா?

இருங்க, பிரிக்கேன். நீங்களும் ரெண்டு எடுத்துக்கிடுங்க. அடடே, துணிக்குள்ள எவர்சில்வர் டப்பா! பாத்திரத்தோடயே குடுத்துட்டான் பாருங்க. திருப்பி அனுப்பணும். மூடியில பேரு வெட்டியிருக்கு, எனக்கு எழுத்து பூச்சி ஊருத மாதிரி தெரியுது. மாடசாமின்னுதானே போட்டிருக்கு? வாசிங்க தம்பி.

என்னது?

நல்லாப் பாத்து வாசிங்க.

செண்பகவல்லி. ம். அது அம்மன் பேருல்லா. கோவில்பட்டியில வீட்டுக்கு ஒரு செண்பகவல்லி இருப்பா. மாடசாமிக்கு அம்மா இருந்திருப்பாள்லா, அவ பேரா இருக்கும். பழைய பாத்திரமா இருக்கும். புதுசா மின்னுதுங்கியளா? நல்லா விளக்கியிருப்பான்.

சாப்பிடுங்க, சாப்பிடுங்க. எள்ளுப்பொடிதான். தடவியே வச்சிருக்கு, வழியில கொட்டாம.

அது என்ன, டப்பா ஓரத்துல காகிதத்துல சுருட்டி?

இங்க குடுங்க.

...இது என் மாத்திரை தம்பி. பாதி தீர்ந்த அட்டை. ஃபிரிட்ஜ் மேல நான் மறந்து வச்சிட்டு வந்தேம்லா, அதே அட்டை.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி இருக்கா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

அந்தச் சின்னச் சாமி என்ன சொன்னாவ? ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்கன்னுதானே சொன்னாவ? அப்போ நானும் சாப்பிட்டிருக்கேன். தபசுகாலம் பூரா அவங்க வீட்டுச் சோத்தைத்தான் சாப்பிட்டிருக்கேன். மோனிக்கம்மாளாவது மகன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாவ. நான் தெருமுக்குல, டீக்கடை பெஞ்சுல, தனியா உக்காந்துல்லா சாப்பிட்டேன். அவன் தினமும் 'சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டான் தம்பி. தெரிஞ்சுக்கிட்டே கேட்டிருக்கான். என் வாயால ஒருக்கா 'சாப்பிட்டேன்யா'ன்னு சொல்லுவேனான்னு கேட்டிருக்கான்.

இந்தச் சாட்சியை நான் எப்படிப் போய்ச் சபையில சொல்லுவேன்?

பாருங்க, போன் அடிக்குது. அவனாத்தான் இருக்கும். வேற யாரு கூப்பிடுதா என்னை? என் கை பூரா எள்ளுப்பொடி, நீங்க எடுங்க தம்பி. சாப்பிட்டாவளான்னுதான் கேப்பான். சாப்பிட்டுட்டாவன்னு சொல்லுங்க. அத்தனையும் சாப்பிட்டாவ, உப்பு, காரம் எல்லாம் சரியா இருந்துதாம், மருமககிட்ட சொல்லச் சொன்னாவன்னு சொல்லுங்க.

நான் அழுதேன்னு மட்டும் சொல்லிராதிய.